உங்களுக்குத் தெரியுமா? ‘க்ளாக்’ என்றால் மணி!

ஆங்கிலத்தில் கடிகாரத்தைக் குறிக்கும் ‘க்ளாக்’ என்ற சொல்லின் மூலப்பொருள் மணி. பழைய ஐரிஷ் மொழியில் ‘க்ளொக்’ என்றால் கைமணி. ஐரோப்பா எங்கும் மடங்கள் நிறுவச் சென்ற ஐரிஷ் துறவிகள், மணியோடு அதன் பெயரையும் கொண்டுபோனார்கள் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

■ இன்றைய ஐரிஷ் மொழியில் மணிக்கும் கடிகாரத்துக்கும் இந்த ஒரே சொல்தான். டச்சு ‘க்ளொக்’, ஸ்வீடிஷ் ‘க்ளொக்கா’ இரண்டும் அப்படியே.

■ ஜெர்மனில் ‘க்ளொக்கெ’ மணியாகவே நின்றுவிட்டது. கடிகாரத்துக்கு ‘ஊர்’ என்று வேறு சொல்.

■ ஆங்கிலத்துக்கு இச்சொல் 14ஆம் நூற்றாண்டில் வந்தது. அக்காலத்துக் கோபுரக் கடிகாரங்கள் பலவற்றில் முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை. மணியோசை கேட்டுத்தான் மக்கள் நேரம் அறிந்தார்கள்.

■ டப்ளினிலுள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் புனித பாட்ரிக்கின் மணியைப் பார்க்கலாம். இரும்புத் தகட்டை மடித்து, ஆணி அறைந்து, வெண்கலம் பூசிய சிறிய கைமணி அது.

“மணி என்ன?” என்று தமிழில் நேரம் கேட்கும்போது நாமும் இதே வழியில்தான் போகிறோம். இரு மொழிக் குடும்பங்களுக்கும் உறவில்லை; காலத்தை முதலில் காதால் அறிந்த அனுபவம் மட்டும் ஒன்று.