கட்டப்படாத அணையும் டெலவேர் நதிநீர்ப் பங்கீடும்

அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில், தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் வெஸ்ட் வின்ட்சரில் உள்ள மெர்சர் ஏரி, துடுப்புப் படகுப் போட்டிகளுக்குப் பெயர் பெற்றது. ஆனால் அது இயற்கையான ஏரி அல்ல. அசன்பிங்க் ஓடையின் குறுக்கே அணை கட்டியதால் உருவான நீர்த்தேக்கம் அது. அந்த ஓடை டிரென்டன் நகருக்குள் வெள்ளத்தைக் கொண்டுசெல்வது வழக்கம்.

இத்தகைய சிற்றணைகளுக்கு உதவ 1954ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வெள்ளத்தடுப்புக் கட்டுமானச் செலவை மத்திய அரசு ஏற்கும். நிலம் தருவதும் பராமரிப்பதும் உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பு. அசன்பிங்க் வடிநிலத்தில் பல அணைகள் இச்சட்டத்தின் கீழ் எழுந்தன. ஆனால் அந்த ஓடை சென்று கலக்கும் டெலவேர் நதியில், அதே மத்திய அரசு கட்ட முனைந்த பேரணையின் கதை வேறு விதமாக முடிந்தது.

டாக்ஸ் தீவு அணை

1955 ஆகஸ்டில் அடுத்தடுத்து வீசிய இரு சூறாவளிகளின் வெள்ளத்தில் டெலவேர் வடிநிலத்தில் சுமார் நூறு பேர் உயிரிழந்தனர். இதையடுத்து டாக்ஸ் தீவு என்ற இடத்தில் அணை கட்ட 1962இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. வெள்ளத்தடுப்பு, குடிநீர், மின்சாரம் என்று பல பயன்கள் கூறப்பட்டன. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்த்தேக்கத்துக்காக ராணுவப் பொறியாளர் பிரிவு நிலங்களைக் கையகப்படுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன.

அதற்குள் செலவு மதிப்பீடு பெருகியது. சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் எதிர்ப்பும் வலுத்தது. இறுதி முடிவு, 1961இல் உருவான டெலவேர் வடிநில ஆணையத்தின் முன் வந்தது. நியூயார்க், நியூஜெர்ஸி, பென்சில்வேனியா, டெலவேர் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் மத்திய அரசுக்கும் இதில் தலா ஒரு வாக்கு. 1975இல் பென்சில்வேனியா தவிர்ந்த மூன்று மாநிலங்களும் அணைக்கு எதிராக வாக்களித்தன. மத்திய அரசு தன் விருப்பத்தைத் திணிக்கவில்லை. 1992இல் திட்டம் முறைப்படி கைவிடப்பட்டது. வெளியேற்றப்பட்டவர்களின் நிலம் அவர்களுக்குத் திரும்பவில்லை; அது இன்று தேசியப் பொழுதுபோக்குப் பகுதி.

பற்றாக்குறையைப் பகிர்தல்

அணை இல்லாமல் தண்ணீர்ப் பிரச்சினை எவ்வாறு சமாளிக்கப்பட்டது? நியூஜெர்ஸி ஓரளவுக்குத் தன் பணத்தையே நம்பியது. 1958இல் வாக்காளர்கள் அனுமதித்த கடன்பத்திரங்களைக் கொண்டு ரவுண்ட் வேலி, ஸ்ப்ரூஸ் ரன் ஆகிய நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. இரண்டின் கொள்ளளவையும் சேர்த்தால் சுமார் 8.8 டிஎம்சி. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதை நினைத்தால் இது சிறிய அளவுதான்.

இதைவிட முக்கியமானது பங்கீட்டு விதி. டெலவேர் நீரில் நியூயார்க் நகரம் நாளொன்றுக்கு 80 கோடி காலனும், நியூஜெர்ஸி 10 கோடி காலனும் எடுக்கலாம் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூஜெர்ஸியின் பங்கு, வெஸ்ட் வின்ட்சரின் எல்லையோரம் ஓடும் டெலவேர் ராரிட்டன் கால்வாய் வழியாகச் செல்கிறது. 1960களின் கடும் வறட்சியில் இத்தீர்ப்பின் அளவுகளுக்கே தண்ணீர் போதவில்லை. நதியில் நீர் குறைந்தால் கடலின் உப்புநீர் பிலடெல்பியாவின் குடிநீர் எடுக்கும் இடத்தை நோக்கி ஏறிவிடும் என்ற அச்சமும் இருந்தது.

ஆகவே 1983இல் தரப்புகள் ஒரு நல்லெண்ண உடன்பாட்டுக்கு வந்தன. வறட்சி அறிவிக்கப்பட்டால் நியூயார்க் நகரின் பங்கு 52 கோடி காலனாகவும் நியூஜெர்ஸியின் பங்கு ஆறரைக் கோடி காலனாகவும் குறையும் என்று அப்போது முடிவானது. இருவருக்கும் ஒரே விகிதத்தில், 35 சதவீத வெட்டு. வறட்சி வருவதற்கு முன்பே எண்கள் எழுத்தில் இருப்பதுதான் இதன் பலம்.

காவிரியில் இல்லாதது இதுவே. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு, வழமையான ஆண்டில் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி என்கிறது. மழை பொய்த்த ஆண்டில் பங்குகள் விகிதாசாரப்படி குறைய வேண்டும் என்பது நடுவர் மன்றத்தின் நிலை. ஆனால் அந்த விகிதத்தை எந்த மாதத்தில், எந்தக் கணக்கில் பார்ப்பது என்பதில் உடன்பாடு இல்லை. 2023இல் மழை குறைந்தபோது காவிரி மேலாண்மை ஆணையத்தில் நடந்த சர்ச்சை இதையே காட்டியது. மேகேதாட்டு அணை குறித்த தமிழகத்தின் அச்சத்துக்கும் வேர் இங்குதான் இருக்கிறது.

இரண்டையும் அப்படியே ஒப்பிடுவதும் சரியல்ல. மாநகரவாசிகள் புல்வெளிக்கு நீர் பாய்ச்சுவதை நிறுத்தலாம். கதிர் விடும் சம்பாப் பயிருக்கு 35 சதவீதம் குறைத்துத் தண்ணீர் விட்டால் விளைச்சலே போய்விடும். அதனால் காவிரிக்கான சூத்திரம் பயிர்க்காலத்தை வைத்து எழுதப்பட வேண்டியது, எழுதுவதும் கடினம்.

டெலவேரிலும் ஏற்பாடு நிரந்தரமல்ல. 2024 நவம்பரில் நியூஜெர்ஸி வறட்சி எச்சரிக்கை அறிவிக்க நேர்ந்தது. மேற்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து தண்ணீர் திறப்பதற்காக நான்கு மாநிலங்களும் நியூயார்க் நகரமும் 2017இல் ஒப்புக்கொண்ட ஏற்பாடு 2028 மே மாதம் முடிவடைகிறது. அதன்பின் என்ன என்பதற்கு ஐந்து தரப்புகளும் ஒருமனதாக இணங்க வேண்டும்.