அப்பம்மாவுக்கு வந்தது என்ன நோய்?



ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் ஒரு கேள்விக்கு நம்மில் அநேகர் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுகிறோம். "உங்க குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் இருந்திச்சா?" என்று அவர் கேட்பார். "அப்பிடி ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வருவோம். அந்தப் பதில் சரியானதா என்று நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண்களின் கருப்பை, சூலகம் போன்ற உறுப்புகளில் வரும் சில புற்றுநோய்களில் அந்தப் பதில்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. அதனால் இம்முறை இதைப் பற்றிப் பேசுகிறோம்.

ஒரு குடும்பத்தைப் பார்ப்போம்

விளக்குவதற்காக நாம் கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

தீவுப்பகுதி வியாபாரிகள் நாட்டின் பல டவுன்களிலும் கடை நடத்தியவர்கள் என்பது நமக்குத் தெரியும். அப்படி ஹட்டன் பக்கம் கடையில் நிற்க வந்தவர் ஒருவர். ஊர் மண்கும்பான். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி கடந்தால் வருகிற ஊர். வேலணைத் தீவில் வெள்ளை மணலும் பனையுமாக இருக்கும் இடம். அவர் நம் தோட்டத்துப் பெண் ஒருவரைக் கலியாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டார். அவர்களுடைய மகளுக்கு இப்போது 42 வயது. கொழுந்து எடுக்கிறார்.

மூன்று மாதமாக அவருக்கு வயிறு ஊதினாற்போல இருக்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டால் போதும் என்றாகிவிடுகிறது. "வாய்வுதான்" என்று பெருங்காயம் கரைத்துக் குடித்தார். மலைக்குப் போகாவிட்டால் பேர் போய்விடுமே என்று நாளைத் தள்ளினார். கடைசியில் டாக்டரிடம் போனபோது அந்தக் கேள்வி வந்தது. "எங்க வீட்டுல யாருக்கும் இல்லீங்க" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. "எங்க வீடு" என்றதும் அம்மா பக்கத்தைத்தான் நினைத்தார். அப்பா பக்கத்தை அவருக்குத் தெரியாது. மண்கும்பானிலிருந்த அப்பம்மா 1970களில் "மகோதரம்" வந்து செத்துப்போனார். அப்பாவின் அக்கா, 1990இல் போரால் தீவுப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது ஊரைவிட்டுப் போய், பிறகு கனடா சேர்ந்தவர். அங்கே 44 வயதில் அவருடைய மார்பில் கட்டி எடுத்தார்கள். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று இதை யாரும் ஹட்டனுக்குச் சொல்லவில்லை.

இந்த இரண்டு செய்தியும் டாக்டருக்குக் கிடைத்திருந்தால், அவர் அன்றைக்கே வயிற்றை ஸ்கேன் பண்ணச் சொல்லியிருப்பார்.

பழைய பேர்களுக்குள் மறைந்த நோய்

அந்தக் காலத்தில் ஸ்கேன் இல்லை. ஊரில் நோய்க்குக் கண்ணால் கண்டதை வைத்துப் பேர் வைத்தார்கள். வயிற்றில் தண்ணீர் கோத்தால் மகோதரம். அதிக இரத்தம் போனால் பெரும்பாடு. "வயித்துல கட்டி", "உருக்கி நோய்", "செய்வினை" என்றும் சொன்னார்கள். மகோதரம் எல்லாம் புற்றுநோய் அல்ல. ஈரல் கெட்டாலும் வயிற்றில் தண்ணீர் கோக்கும். ஆனால் ஒரு பெண்ணுக்கு வயிறு வீங்கிச் சில மாதங்களில் உயிர் போயிருந்தால், அது சூலகப் புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம். ஆகையால் "புற்றுநோய் இருந்ததா" என்று மட்டும் பெரியவர்களைக் கேட்டால் போதாது. "எப்படிச் செத்தாங்க, அப்போ என்ன வயசு, உடம்புல என்ன தெரிஞ்சுது" என்று கேட்க வேண்டும்.

பரம்பரையாக எப்படி வருகிறது?

முதலில் ஒரு பயத்தை நீக்குவோம். பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. 100 சூலகப் புற்றுநோய்களில் சுமார் 15தான் பரம்பரை வழி வருபவை. கருப்பையில் வருவதில் 100க்குச் சுமார் 3. கருப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோய் பரம்பரை நோயே அல்ல. அது எச்.பி.வி. என்ற வைரசால் வருவது. அதைத் தடுக்க 2017 முதல் நம் நாட்டுப் பாடசாலைகளில் 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறார்கள்.

நம் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் பரம்பரை அலகுகள் இருக்கின்றன. அவற்றில் சில, கலத்தில் ஏற்படும் பழுதைத் திருத்தும் வேலையைச் செய்கின்றன. பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்பவை அப்படிப்பட்டவை. இவை 1994, 1995ஆம் ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டன. திருத்துகிற அலகே பழுதாகப் பிறந்துவிட்டால், மற்றப் பழுதுகள் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் புற்றாகின்றன. பி.ஆர்.சி.ஏ. 1 பழுதான 100 பெண்களில் சுமார் 40 பேருக்கு வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வரக்கூடும். மற்றப் பெண்களில் அது 100க்கு ஒருவர் அளவுதான். மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம்.

பழுது உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. சூலகம் இல்லாத அப்பாவும் அதைச் சுமந்து மகளுக்குக் கொடுக்கலாம். நம் கதையில் நடந்தது அதுதான். அப்பம்மாவிடமிருந்து அப்பாவுக்கு வந்து, அவருக்கு ஒன்றும் செய்யாமல் மகளிடம் போனது.

இது வெள்ளைக்காரர் நோய் என்று நினைக்க வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கைப் பெண்களின் பி.ஆர்.சி.ஏ. 1 அலகை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். நம் நாட்டுக் குடும்பங்களிலும் இந்தப் பழுது இருக்கிறது.

ஒரு தையல்காரப் பெண் சொன்னது

1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தையல் வேலை செய்த ஒரு பெண், வார்தின் என்ற டாக்டரிடம் ஒரு விஷயம் சொன்னார். தன் குடும்பத்தில் பலர் வயிற்றிலும் குடலிலும் கருப்பையிலும் புற்று வந்து இறந்தார்கள், தானும் அப்படித்தான் சாவேன் என்றார். அப்போது அவர் நல்ல சுகமாக இருந்தார். டாக்டர் அதை அலட்சியம் பண்ணாமல் குடும்பம் முழுவதையும் எழுதிக்கொண்டார். 1913இல் அதை வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். பிற்பாடு லிஞ்ச் என்ற டாக்டர் இதே மாதிரிக் குடும்பங்களை ஆராய்ந்தார். இன்று அந்த நோய்க்கு அவர் பேரே இருக்கிறது. லிஞ்ச் குடும்பங்களில் குடலிலும் கருப்பையிலும், 50 வயதுக்கு முன்னேயே, புற்று வருவதுண்டு.

படித்த டாக்டர்களுக்கு முன்னால் ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. தன் குடும்பக் கதை தெரிந்திருந்ததுதான் காரணம்.

எதைக் கண்டால் போக வேண்டும்?

1. வயிறு ஊதுவது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது. இவை புதிதாகத் தொடங்கி இரண்டு மூன்று வாரமாக அடிக்கடி இருந்தால்.
2. தீட்டு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும்.
3. தீட்டுக்கு இடையிலோ, தாம்பத்தியத்துக்குப் பிறகோ இரத்தம் போனால்.
4. பெண்ணுறுப்பில் ஆறாத புண், விடாத அரிப்பு, தடிப்பு இருந்தால்.

இவை வந்தால் புற்றுநோய்தான் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் வேறு காரணம்தான் இருக்கும். ஆனால் பார்த்துத் தெரிந்துகொள்வதில் போவது ஒரு நாள் பேர்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதுகளில் செய்யும் சோதனை கருப்பைக் கழுத்துக்கு உரியது. கட்டாயம் போக வேண்டியது. ஆனால் அது சூலகத்தைக் காட்டாது. "பாப் டெஸ்ட் நல்லா இருந்திச்சே" என்று வயிற்று வீக்கத்தை விட்டுவிடக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சூலகத்துக்கு ஸ்கேனும், சீ.ஏ. 125 என்ற இரத்தச் சோதனையும் செய்வார்கள். கருப்பைக்கு உள்படலத்திலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து ஆதார வைத்தியசாலைக்கும், அங்கிருந்து கண்டி, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கும், தேவையானால் மகரகமவுக்கும் அனுப்புவார்கள். மண்கும்பானில் இருக்கும் சொந்தக்காரருக்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழையும் உண்டு. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த நிதியால் எழும்பியது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் இலவசம்.

பரம்பரை அலகைப் பார்க்க இரத்தம் கொஞ்சம் எடுத்தால் போதும். முதலில் நோய் வந்தவரைச் சோதிப்பதே முறை. அவரிடம் பழுது கண்டால்தான் மற்றவர்களுக்கு எதைத் தேடுவது என்று தெரியும். சோதனைக்கு முன்னும் பின்னும் அதைப் பற்றித் தெரிந்த டாக்டர் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த முடிவு உங்கள் சொந்த விஷயம்.

வைத்தியம் என்ன?

நோய் வந்தவருக்குச் சத்திரசிகிச்சையும், ஊசி மருந்து ஏற்றுவதும் முக்கியம். சிலருக்குக் கரண்ட் பிடிப்பார்கள். பி.ஆர்.சி.ஏ. பழுது உள்ளவர்களுக்கென்றே வேலை செய்யும் குளிசைகள் 2014 முதல் உலகில் பாவனைக்கு வந்துள்ளன. ஆகவே நோய் வந்த பிறகும் பரம்பரையை அறிவதில் பயன் உண்டு.

நோய் வராமல் பழுது மட்டும் உள்ளவருக்கு, பிள்ளை பெற்று முடித்த பின், பி.ஆர்.சி.ஏ. 1 என்றால் 35க்கும் 40க்கும் இடையில், சூலகங்களையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடும்படி டாக்டர்கள் சொல்வார்கள். சூலகப் புற்று வரும் வாய்ப்பு இதனால் 100க்கு 80க்கு மேல் குறைகிறது. தீட்டு முன்கூட்டியே நின்றுவிடும் என்பதால் அதற்கும் ஆலோசனை தேவை. லிஞ்ச் குடும்பத்தினருக்குக் குடலை உள்ளே கருவி விட்டு ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரிதான சில நோய்கள் நன்றாகக் குணமாகின்றன. கர்ப்பத்தில் பிள்ளை உருவாகாமல் திராட்சைக் குலைபோல நீர்க்குமிழிகள் வளர்வதுண்டு. அதை எடுத்த பிறகு இரத்தச் சோதனைக்கு விடாமல் போக வேண்டும். டாக்டர் சொல்லும் வரை அடுத்த கர்ப்பம் கூடாது. சிலருக்கு அது புற்றாக மாறும். ஆனால் மருந்திலேயே குணமாகும். 1956இல் அமெரிக்காவில் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து இதற்குப் பலன் தந்ததை வெளியிட்டார்கள். சுவாசப்பை வரை பரவியவர்கள்கூடப் பிழைக்கிறார்கள். இளம் பெண்களின் சூலகத்தில் வரும் சில கட்டிகளையும், மற்றச் சூலகத்தைக் காப்பாற்றிக் குணமாக்க முடிகிறது.

வீட்டில் ஒரு கடதாசி எடுங்கள்

மண்கும்பான் மக்கள் போரால் சிதறினார்கள். நாமும் அப்படித்தான். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் ஒரு சித்தி கூடலூர் பக்கம் போயிருப்பார். 1977, 1983 கலவரங்களில் ஒரு மாமா குடும்பம் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போயிருக்கும். குடும்பம் சிதறினால் நோயின் கதையும் சிதறிப்போகிறது. அதைச் சேர்க்க நம்மால்தான் முடியும்.

ஒரு கடதாசியில் அம்மா பக்கம் ஒரு வரிசை, அப்பா பக்கம் ஒரு வரிசை போடுங்கள். தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, சித்தி, பெரியப்பா எல்லாரையும் எழுதுங்கள். யாருக்கு என்ன நோய், எந்த உறுப்பில், என்ன வயதில் என்று குறியுங்கள். தெரியாததற்கு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஊரில் இருக்கும் முதியவர்களுக்கும் போன் போட்டுக் கேளுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு பேருக்கு மார்பு, சூலகம், கருப்பை, குடல் இவற்றில் புற்று இருந்தாலும், ஒருவருக்கே 50 வயதுக்கு முன் வந்திருந்தாலும், சூலகப் புற்று ஒருவருக்கு வந்திருந்தாலும், அந்தக் கடதாசியோடு தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ போங்கள்.

"வெளியே தெரிஞ்சா பிள்ளைக்குக் கலியாணம் நடக்காது" என்று சிலர் சொல்வது நமக்குப் புரிகிறது. அதைச் சந்தியில் சொல்லச் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொந்தப் பிள்ளைகளிடமும் சொன்னால் போதும். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல, குல சாபமும் அல்ல. மறைத்து வைத்தால் கலியாணம் நடக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை 42 வயதில் பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டு இருப்பாள்.

அப்பம்மாவைக் காப்பாற்ற நமக்கு வழி இருக்கவில்லை. அவர் எப்படிச் செத்தார் என்று தெரிந்துகொண்டால் பேத்தியைக் காப்பாற்றலாம். இந்தப் போயா லீவிலே, வீட்டில் மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.