கிராமத் தொழிலுக்கு மானியம்: மனுப் போடுமுன் அறிய வேண்டியவை

நிலக்கடலை பயிரிடும் விவசாயி காயை மூட்டையாக விற்றுவிட்டு, தன் வீட்டுக்கு வேண்டிய கடலை எண்ணெயைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறார். மிளகாய், மஞ்சள், வாழை, சிறுதானியம் எதை எடுத்தாலும் இதே நிலைதான். விளைபொருளை ஊரிலேயே பக்குவப்படுத்தி விற்றால் இரண்டு காசு மிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முதல் வேண்டுமே! ‘அரசாங்கத்தில் மானியம் தருகிறார்களாமே, எங்கே போய்க் கேட்பது?’ என்பதே சிறு விவசாயிகளின் முதல் கேள்வியாக இருக்கிறது.

மானியம் உண்டு. தகுதியுள்ளவர்கள் அதைத் தயங்காமல் கேட்டுப் பெறலாம். அதே சமயம், மானியம் எந்த வழியில் கைக்கு வருகிறது என்று தெரியாமல் இறங்கிக் கடனில் மாட்டிக் கொண்டவர்களும் உண்டு. ஆகவே மனு எழுதுமுன் சில விவரங்களைத் தெரிந்து கொள்வது அவசியம்.

மானியத்தில் பல வகை

முதல் வகை, பொருளின் விலையில் கழிக்கப்படும் மானியம். சொட்டுநீர்ப் பாசனக் கருவிகளுக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதமும், மற்றவர்களுக்கு 75 சதவிகிதமும் வழங்கப்படுவது இவ்வகை. பண்ணை இயந்திரங்களுக்குச் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவிகிதமும், ஏனையோருக்கு 40 சதவிகிதமும் என்று மத்திய அரசுத் திட்டம் வகுத்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உச்ச வரம்பு இருக்கும். சதவிகிதக் கணக்கு, உச்ச வரம்பு இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். விலை உயர்ந்த இயந்திரமாகப் பார்த்து வாங்கினால் மானியமும் கூடும் என்று எண்ணுவது தவறு.

இரண்டாவது வகை, வங்கிக் கடனோடு இணைந்த மானியம். செக்கு, மாவு மில், மசாலாப் பொடி, ஊறுகாய், வாழைக்காய் வற்றல் போன்ற தொழில்களுக்குப் பெரும்பாலும் இதுவே பொருந்தும். மூன்றாவது, வட்டி மானியம். நான்காவது, குழுக்களுக்கும் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கும் தரப்படும் நிதி.

கடனோடு சேர்ந்த மானியம் நமக்குப் புதிதல்ல. 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவாக்கப்பட்ட ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டத்தில், கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் சிறு விவசாயிகளுக்கு 25 சதவிகிதமும், குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் மூன்றில் ஒரு பங்கும் மானியம் தரப்பட்டது. அத்திட்டம் 1999-ல் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்டது. மானியம் போக மீதியைக் கடனாகத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற அடிப்படை மட்டும் இன்றுவரை மாறவில்லை.

இரு முக்கியத் திட்டங்கள்

பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம் 2020-ல் தொடங்கப்பட்டு, 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டது. திட்டச் செலவில் 35 சதவிகிதம், அதிகபட்சமாக ரூ.10 லட்சம் வரை மூலதன மானியம் என்றும், தொழில் தொடங்குபவர் 10 சதவிகிதமாவது சொந்தப் பணம் போட வேண்டும் என்றும் இதில் விதிக்கப்பட்டது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008-ல் வந்தது. 2022-ல் திருத்தப்பட்டபோது, உற்பத்தித் தொழிலுக்கு ரூ.50 லட்சம், சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம் என்று திட்ட மதிப்பின் உச்ச வரம்பு உயர்த்தப்பட்டது. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவிகிதம், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத் திறனாளிகளுக்கு 35 சதவிகிதம் என மானியம் நிர்ணயிக்கப்பட்டது. முன்னவர் 10 சதவிகிதமும் பின்னவர் 5 சதவிகிதமும் சொந்தப் பணம் போட வேண்டும். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கே இத்திட்டம். மாவட்டத் தொழில் மையம், கதர் கிராமத் தொழில் ஆணையம், கதர் கிராமத் தொழில் வாரியம் ஆகியவை இதைச் செயல்படுத்தும் அமைப்புகள்.

இரண்டிலும் நிலத்தின் விலை திட்டச் செலவில் சேராது. மத்தியத் திட்டங்கள் பலவும் 2025-26 நிதியாண்டோடு முடியும் காலக்கெடு கொண்டவை. ஆகவே மனுப் போடும் ஆண்டில் திட்டம் நடப்பில் உள்ளதா, அளவுகள் மாறியுள்ளனவா என்று மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2023-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கென அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தொடங்கியது. இதில் 35 சதவிகித மூலதன மானியமும் 6 சதவிகித வட்டி மானியமும் அறிவிக்கப்பட்டன. இதற்கும் மாவட்டத் தொழில் மையத்தையே அணுக வேண்டும்.

பணம் எப்போது வரும்?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். மானியப் பணம் விவசாயியின் கையில் ரொக்கமாகத் தரப்படுவதில்லை. வங்கி முதலில் கடனை வழங்கும். மானியத்தை அரசு அதே வங்கிக்கு அனுப்பும். வங்கி அதைத் தனிக் கணக்கிலோ வைப்புத் தொகையாகவோ ஒதுக்கி வைக்கும். 3 ஆண்டுகள் தொழில் நடந்து, தவணையும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால்தான் அத்தொகை கடனில் கழிக்கப்படும். இடையில் தொழிலை மூடினாலோ, தவணை தவறிக் கணக்கு வாராக் கடனானாலோ மானியம் கைநழுவிப் போகும். கடன் மட்டும் தலையில் நிற்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மரச்செக்கு ஒன்று அமைக்க ரூ.6 லட்சம் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். சொந்தப் பணம் 10 சதவிகிதம், அதாவது ரூ.60,000. வங்கிக் கடன் ரூ.5,40,000. மானியம் 35 சதவிகிதம், அதாவது ரூ.2,10,000. மானியத்தைக் கழித்தால் உண்மையில் கட்ட வேண்டிய அசல் ரூ.3,30,000. இதை 5 ஆண்டில், அதாவது 60 மாதத்தில் அடைப்பதானால் அசல் மட்டும் மாதம் ரூ.5,500 ஆகிறது. மானியப் பகுதிக்கு வட்டி இல்லை என்றே வைத்து, 11 சதவிகித வட்டி போட்டால் முதல் மாத வட்டி ரூ.3,025. ஆக முதல் மாதம் ரூ.8,525 கட்ட வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்.

செக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் இத்தொகை கட்டியாக வேண்டும். மின்சாரக் கட்டணம், கூலி, பாட்டில் செலவு எல்லாம் போக மாதம் ரூ.6,000 தான் மிஞ்சும் என்றால், 35 சதவிகித மானியம் இருந்தும் அத்தொழில் நஷ்டத்தில்தான் முடியும். மாதம் ரூ.15,000 மிஞ்சும் என்றால் தைரியமாக இறங்கலாம். மானியமே இல்லாவிட்டாலும் இத்தொழில் நடக்குமா என்று கணக்குப் பார்ப்பதே சரியான வழி. நடக்கும் என்றால் மானியம் உதவியாக அமையும். நடக்காது என்றால் மானியம் அதைக் காப்பாற்றாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. செக்கு வாங்கினால் மட்டும் போதாது. அறுவடைக் காலத்தில் விலை மலிவாக இருக்கும்போது பருப்பு வாங்கி இருப்பு வைக்க ரொக்கம் வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு பிடிக்கும். ஒரு நாளைக்கு 20 லிட்டர் ஆட்டுவதானால் 50 கிலோ பருப்பு தேவை. ஒரு மாத இருப்புக்கு எவ்வளவு பணம் முடங்கும் என்று கணக்கிட்டு, நடைமுறை மூலதனக் கடனையும் சேர்த்தே வங்கியில் கேட்க வேண்டும்.

மனுவோடு வேண்டியவை

ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், இயந்திரத்துக்கான விலைப்புள்ளி, திட்ட அறிக்கை, இடத்துக்கான பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், தேவையானவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் ஆகியவை அவசியம். பண்ணை இயந்திரம், சொட்டுநீர் ஆகியவற்றுக்குச் சிட்டா, அடங்கல், தாசில்தார் வழங்கும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவை வேண்டும். இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி. ஐந்து ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி.

பட்டா இன்னும் தகப்பனார் பெயரிலேயே இருந்தாலும், பங்காளிகளோடு கூட்டுப் பட்டாவாக இருந்தாலும் மனு அங்கேயே நின்றுவிடும். பெயர் மாற்றத்தையோ மற்றவர்களின் எழுத்து மூலமான சம்மதத்தையோ முன்கூட்டியே முடித்துக் கொள்வது நல்லது.

நகைக் கடன், பயிர்க் கடன் தவணை தவறியிருந்தால் வங்கிக்கு அது உடனே தெரிந்துவிடும். பிறர் கடனுக்கு ஜாமீன் போட்டு அவர் கட்டாமல் விட்டிருந்தாலும் அதே கதிதான். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு மனுப் போடுவதே உத்தமம்.

தோட்டத்துக்குக் கொடுத்துள்ள விவசாய இலவச மின் இணைப்பில் செக்கோ மில்லோ ஓட்டக் கூடாது. தொழிலுக்குத் தனி இணைப்புப் பெற வேண்டும். அதற்கான வைப்புத் தொகையையும் செலவில் சேர்த்துக் கொள்க. உணவுப் பொருள் விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை.

செய்யக் கூடாதவை

மானியம் எப்படியும் வந்துவிடும் என்று நம்பி, அனுமதி வருமுன் இயந்திரத்தை வாங்கிவிடாதீர்கள். அவ்வாறு வாங்கியதற்குப் பின்னால் மானியம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கப்படும். விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும், அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

‘மானியத்தில் பத்து சதவிகிதம் கொடுத்தால் நான் முடித்துத் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகரிடம் சிக்காதீர்கள். உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் மனு எழுதவும் திட்ட அறிக்கை தயாரிக்கவும் உதவுவதற்கென்றே மாவட்டத்துக்கு மாவட்டம் வளவாளர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களுக்குரிய ஊதியம் திட்ட நிதியிலிருந்தே தரப்பட்டது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசமே.

இயந்திரத்தின் விலையை உயர்த்திப் பில் போட்டுக் கூடுதல் மானியம் பெறலாம் என்று சொல்பவரை அறவே விலக்குக. கடன் முழுவதும் உங்கள் பெயரில்தான் நிற்கும். தணிக்கையில் பிடிபட்டால் மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியவரும் நீங்களே.

குழுவாகச் சேர்ந்தால்

தனியாக ரூ.60,000 புரட்ட முடியாதவர்கள் குழுவாகச் சேரலாம். உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு ரூ.40,000 வரை தொடக்க நிதி ஒதுக்கப்பட்டது. சிறு கருவி வாங்கவும் நடைமுறைச் செலவுக்கும் அது பயன்படும்.

தமிழ்நாட்டில் 2017-18-ல் கூட்டுப் பண்ணையத் திட்டம் தொடங்கியபோது, 20 பேர் கொண்ட ஐந்து ஆர்வலர் குழுக்களை இணைத்து 100 விவசாயிகள் கொண்ட உற்பத்தியாளர் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் இயந்திரம் வாங்க ரூ.5 லட்சம் வழங்கப்பட்டது. 2020-ல் வந்த மத்திய அரசின் உழவர் உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தில், உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக, ஒருவருக்கு ரூ.2,000 வரையிலும் அமைப்பு ஒன்றுக்கு ரூ.15 லட்சம் வரையிலும் நிதி தர விதி செய்யப்பட்டது. குழுவில் கணக்குப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும் ஒழுங்காக இருந்தால்தான் எந்த நிதியும் வரும்.

ஏரி தூர் வாருதல், பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் போன்ற பொதுக் காரியங்களுக்கு ஊரார் சேர்ந்து அறக்கட்டளை அமைப்பதும் உண்டு. பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கூறுகிறது. அந்த நிதியைப் பெற விரும்பும் அறக்கட்டளை பதிவு, பான் எண், வருமான வரிச் சட்டப் பதிவு, தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றோடு, மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்திலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பதிவு 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று.

மனு தள்ளுபடியானால்

வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘அடமானம் இல்லை’ என்று மட்டும் சொன்னால், குறிப்பிட்ட வரம்பு வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதியை எடுத்துச் சொல்லலாம். பயன் இல்லையெனில் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைச் சந்திக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். அரசு அலுவலகத்தில் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கவும் வழி உண்டு. கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் நகலும் ரசீதும் வைத்திருப்பது மிக அவசியம்.

விதைக்குமுன் மண்ணைப் பரிசோதிப்பது போல, மனுப் போடுமுன் மேலே சொன்ன மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டிலுள்ளவர்களோடும், அதே தொழிலை ஏற்கனவே நடத்தும் இரண்டொருவரோடும் கலந்து பேசுங்கள். கணக்கு நேராக வந்தால், அந்தத் தாளையே எடுத்துக் கொண்டு மாவட்டத் தொழில் மையத்துக்கும், கடன் கேட்கும் வங்கிக் கிளைக்கும் சென்று தகுந்த ஆலோசனை பெற்றுப் பயனடையலாம்.