பாசியும் கிருமியும்

எருவும் தழையும் மிகுதியாக இடாத நன்செய் வயல்கள் சில, ஆண்டுதோறும் நெல் விளைந்தும் வளம் குன்றாதிருக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மண்ணுக்கு ஈட்டித் தருவது யார்? வயல் நீரில் படரும் நீலப்பச்சைப் பாசியா, அல்லது அதனை ஒட்டி வாழும் பாக்டீரியாவா? விடை காண வேண்டுமாயின் இரண்டையும் பிரித்தாக வேண்டும். கலப்பான வளர்ப்பை வைத்துச் சோதித்தால், ஒருவர் உழைப்புக்கு மற்றொருவருக்குக் கூலி கொடுத்ததாகவே முடியும்.

முதற்கடன், வெளிக்கிருமி புகாமற் காப்பது. குடுவையில் உப்புக் கரைசலை ஊற்றிப் பஞ்சினால் வாயடைத்து, 121 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அழுத்த நீராவியில் 15 முதல் 20 நிமிடம் வைக்கிறோம். அடுக்களையிலுள்ள பிரஷர் குக்கரின் தத்துவமே இது. பாசியை எடுக்கும் கம்பியையும் சுடரிற் பழுக்கக் காய்ச்சி, ஆறிய பின்னரே பயன்படுத்துகிறோம். கரைசலில் சர்க்கரை சேர்ப்பதில்லை. பாசி ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அத்திறன் இல்லை.

அடுத்தது, உள்ளே இருப்பதை நீக்குவது. இது எளிதன்று, பாசியின் கொழகொழப்பான உறையிலேயே பாக்டீரியா குடியிருக்கும். பாசியைத் தூய நீரில் பலமுறை கழுவி, அகார்க் கூழின்மீது கோடிழுத்துப் பரப்பி, தனித்து முளைத்ததை மட்டும் எடுத்து மீண்டும் மீண்டும் பரப்புகிறோம். ஊர்ந்து செல்லும் பாசி இழைகள் ஒளியை நாடி நகரும்போது கிருமிகளைப் பின்னே விட்டுச் செல்வதும் உண்டு. அந்த நுனியை வெட்டி எடுத்துக்கொள்கிறோம். பச்சைப் பாசிக்குப் பெனிசிலின் போன்ற மருந்துகள் துணைபுரியும். ஆனால் நீலப்பச்சைப் பாசி தானும் பாக்டீரியா வகையைச் சேர்ந்ததாதலின், அம்மருந்து பாசியையே மாய்த்துவிடக்கூடும்.

தெளிவாகத் தோன்றும் குடுவையெல்லாம் தூயதன்று. அதிலிருந்து ஒரு துளியைச் சர்க்கரையும் பெப்டோனும் கலந்த கரைசலில் இட்டு, சில நாள் இருட்டில் வைக்கிறோம். கரைசல் கலங்கினால் கிருமி இருக்கிறதென்று பொருள். ஒரே கரைசலில் எல்லாக் கிருமிகளும் வளரா. ஆகவே பலவகைக் கரைசல்களையும் நுண்பெருக்கியையும் கொண்டு சோதித்தல் வேண்டும்.

இத்துணைப் பொறுமை எதற்கு? இந்திய நெல்வயற் பாசிகளைப் பாக்டீரியா நீக்கி வளர்த்துச் சோதித்த பி. கே. டே, அனபீனாப் பாசிகள் பிறர் துணையின்றித் தாமே நைட்ரஜனை நிலைநிறுத்துகின்றன என்பதை 1939-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தில்லிவாழ் நேயர்கள் அறிந்த பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், பின்னர்ப் பாசியை உழவருக்கு உரமாக்கும் பணியில் ஈடுபட்டது. வயலுக்குச் செல்லும் பாசி முற்றிலும் தூயதாயிருத்தல் தேவையில்லை. ஆனால், உழைத்தவர் யார் என்ற உண்மையை நாம் அறிந்தது, கிருமியற்ற அந்தச் சிறு குடுவையிலேதான்.