சர்க்கரையோடு கிரிவலமா? அப்பா, அம்மாவுக்குத் துணை தேவை!

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான். 14 கி.மீ. தூரத்தையும் பலர் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். அவர்களில் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களும் உண்டு.

பல வருடங்களாகச் சர்க்கரை இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகலாம். கல் குத்தினாலும் தெரியாது. பகலில் தார்ச் சாலை சுட்டாலும் உறைக்காது. மறுநாள் வீட்டில் யாராவது பார்த்துச் சொன்னால்தான் புண்ணே தெரியவரும்.

அப்படிப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லையென்றால்?

பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, ஊரில் தனியாக வாழும் பெற்றோரின் பிரச்னை இதுதான். சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். மனம் சோர்ந்தால் மாத்திரை மறந்துபோகும், ஒருவருக்காகச் சமைக்கவும் தோன்றாது. கவலையில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனும் சர்க்கரையை ஏற்றிவிடும்.

அக்கறையோடுதான் போன் செய்கிறோம். ஆனால், ``சுகர் எவ்வளவு? ஸ்வீட் சாப்பிட்டீங்களா?'' என்று விசாரணையில் ஆரம்பித்தால், திட்டுக்குப் பயந்து அளவைக் குறைத்துச் சொல்வார்கள், புண்ணையும் மறைப்பார்கள். ``இன்னிக்கு யாரோட வாக்கிங் போனீங்க?'' என்று ஆரம்பித்துப் பாருங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

கிரிவலம் போக ஆசைப்பட்டால்..?

* முதலில் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. முடியாதவர்கள் ஆட்டோவிலும் சுற்றி வரலாம்.

* தனியே அனுப்ப வேண்டாம். வழியிலுள்ள எட்டு லிங்கங்களிலும் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துப் போகட்டும்.

* கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் என்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பரிசோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

* திரும்பியதும் உள்ளங்காலை இன்னொருவர் பார்க்க வேண்டும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மனச்சோர்வுக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 எண்களை இலவசமாக அழைக்கலாம்.

மாத்திரை வாசலுக்கே வந்துவிடும்; பேச்சுத்துணைக்கு நாம்தான் போக வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு ஊருக்குக் கிளம்பலாமே!