அம்மாவுடன் கப்பலேறிய மனோ

"எங்க அப்பா ஆராய்ச்சிப் படிப்பு படிக்க வெளிநாடு போறாங்க. நாங்களும் கூடப் போறோம்!"

உங்கள் வகுப்பிலும் யாராவது இப்படிச் சொல்லி, டி.சி. வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். அப்பாவுக்கும் பாடப் புத்தகமா? அம்மாவுக்கும் ஹோம்வொர்க்கா? ஆமாம் குட்டீஸ், கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகும் படிக்கப் போகிறவர்கள் நிறைய பேர். இன்று விமானம் ஒரே நாளில் கொண்டுபோய் விட்டுவிடும். பாட்டியோடு போனில் முகம் பார்த்துப் பேசலாம்.

இதெல்லாம் இல்லாத 1883-ம் ஆண்டில், அம்மா படிக்கப் போகிறாள் என்பதற்காகவே கடல் தாண்டிப் போன ஒரு குட்டிப் பெண்ணைத் தெரியுமா? அவள் பெயர் மனோரமா. செல்லமாக மனோ. அப்போது அவளுக்கு வயது இரண்டே இரண்டு!

மனோவின் அம்மா பண்டித ரமாபாய். 1858-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் பிறந்தவர். அவருடைய அப்பா அனந்த சாஸ்திரி, பெண்களுக்கு சம்ஸ்கிருதம் சொல்லிக் கொடுக்கலாம் என்று நம்பியவர். தன் மனைவிக்கே சொல்லிக் கொடுத்தார். ஊரார் எதிர்த்தார்கள். 'உங்கள் ஊரே வேண்டாம்' என்று காட்டில் போய்க் குடியேறிவிட்டார்! ரமாபாய் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் மீண்டும் புறப்பட்டது. பிரம்புப் பெட்டியில் குழந்தையை வைத்து மலையிலிருந்து சுமந்து இறக்கினார்களாம். அன்று தொடங்கிய பயணம். ஊர் ஊராக, கோயில் கோயிலாக நடந்தார்கள். ரமாபாய்க்குப் பள்ளிக்கூடமும் அதுதான். அம்மா வாயால் சொல்லிக் கொடுத்த சுலோகங்களை ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்தார்.

பிறகு வந்த பஞ்சத்தில் பெற்றோரை இழந்தார். அண்ணனுடன் நடந்தே கல்கத்தா வரை போனார். அங்கே அவருடைய சம்ஸ்கிருதப் புலமையைக் கண்டு வியந்தவர்கள் கொடுத்த பட்டம்தான் 'பண்டிதா'. வங்காளத்து வழக்கறிஞர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். 1881-ல் பிறந்த மகளுக்கு 'மனதுக்கு இன்பம் தருபவள்' என்ற பொருளில் மனோரமா என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் அப்பா காலராவில் இறந்துபோனார்.

அக்காலத்தில் கணவனை இழந்த பெண் வீட்டு மூலையில் கிடக்க வேண்டும். ரமாபாய் அப்படிக் கிடக்கவில்லை. பூனாவுக்குப் போய்ப் பெண் கல்விக்காகப் பேசினார். 1882-ல் அரசாங்கத்தின் கல்விக் குழு முன்பு, "பெண்களுக்குப் பெண் டாக்டர்கள் வேண்டும்" என்று சாட்சியம் சொன்னார். ஆண் டாக்டரிடம் நோயைச் சொல்லக் கூச்சப்பட்டே பல பெண்கள் உயிரை விட்ட காலம் அது. அப்படியானால் தானே டாக்டராகிவிட்டால் என்ன?

இங்கிலாந்து போக வேண்டும். பணம்? மராத்தியில் 'ஸ்திரீ தர்ம நீதி' என்று தான் எழுதிய புத்தகத்தை விற்றுக் கப்பல் கட்டணம் சேர்த்தார். அங்கே தங்குவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வாண்டேஜ் என்ற ஊரில் கிறிஸ்தவக் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. அந்த மடத்துச் சகோதரிகளுக்கு அவர் மராத்தி சொல்லிக் கொடுப்பார். அவர்கள் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து, தங்க இடமும் தருவார்கள். எப்படி இருக்கிறது பண்டமாற்று!

1883-ல் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். ரமாபாய், மடியில் மனோ, துணைக்கு ஒரு தோழி. சூயஸ் கால்வாய் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். சில மாதங்களில் அந்தத் தோழி இறந்துபோனார். அந்நிய ஊரில் அம்மாவும் மகளும் மட்டும்தான் மிச்சம்.

அடுத்த அடியும் விழுந்தது. ரமாபாய்க்குக் காது சரியாகக் கேட்கவில்லை. மருத்துவப் படிப்புக்கு அது சரிப்படாது என்று ஆகிவிட்டது. எதற்காகக் கடல் தாண்டினாரோ, அதுவே இல்லை! ஆனாலும் திரும்பி ஓடவில்லை. செல்டன்ஹாம் லேடீஸ் காலேஜில் சேர்ந்தார். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், உண்மையில் அது ஒரு பெண்கள் பள்ளிதான். அங்கே அவர் கணிதமும் அறிவியலும் ஆங்கில இலக்கியமும் படித்தார். அதே இடத்தில் சம்ஸ்கிருதம் கற்றுக் கொடுத்தார். ஒரே ஆள் மாணவியும் டீச்சரும்!

மனோ? அவளைப் பெரும்பாலும் வாண்டேஜ் சகோதரிகள் பார்த்துக்கொண்டார்கள். பாசமாகத்தான் வளர்த்தார்கள். ஆனால் அவளை எப்படி வளர்ப்பது என்பதில் அம்மாவுக்கும் அவர்களுக்கும் கடிதத்திலேயே சண்டை நடந்தது. மகள் தாய்நாட்டுக்கு அந்நியமாகிவிடக் கூடாது என்பது ரமாபாயின் கவலை. அவர் இங்கிலாந்தில் கிறிஸ்தவராக மாறியவர். ஆனாலும் சைவச் சாப்பாட்டை விடவில்லை. சிலுவையில் லத்தீன் வாசகம் எதற்கு, சம்ஸ்கிருதத்தில் எழுதக் கூடாதா என்று கேட்டார். 'பிடிவாதக்காரி' என்று சகோதரிகள் நினைத்தார்கள். நமக்கென்னவோ அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

1886-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ரமாபாயின் தூரத்து உறவினரான ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறார். மனோவையும் அழைத்துக்கொண்டு ரமாபாய் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார். மார்ச் 11-ம் தேதி, தான் ஆக நினைத்த டாக்டராக இன்னொரு இந்தியப் பெண் ஆவதை நேரில் பார்த்தார்.

பட்டமளிப்பு விழாவுக்கு வந்தவர் உடனே திரும்பவில்லை. பிலடெல்பியாவில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் கிண்டர்கார்டன் முறையைப் படித்தார். இந்தியாவில் இளம் விதவைகளுக்குப் பள்ளி தொடங்கப் பணம் வேண்டுமே! ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். அமெரிக்கா முழுக்க ரயிலில் சுற்றிப் பேசினார். இப்படி அலையும்போது கூடவே ஒரு குழந்தையை எங்கே வைத்துக்கொள்வது? மனோ மறுபடி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டாள். ஐந்து வயதுக் குழந்தை ஒரு கரையில், அம்மா மறு கரையில். கடிதம் கப்பலில்தான் வர வேண்டும். ஊருக்கெல்லாம் பள்ளி கட்டப் பணம் சேர்த்த அம்மாவின் பக்கத்தில் தான் இல்லையே என்று மனோ அழுதிருந்தால், அவளைக் குறை சொல்ல முடியுமா?

1889-ல் ரமாபாய் பம்பாய் திரும்பினார். அதே மார்ச் 11-ம் தேதி 'சாரதா சதன்' பள்ளியைத் தொடங்கினார். அதன் முதல் விதவை மாணவி கோதுபாய். இவர்தான் பின்னாளில் பெண் கல்விக்காக உழைத்த கார்வேயின் மனைவியானவர். மனோவும் அங்கே அம்மாவோடு இருந்தாள்.

வளர்ந்த பிறகு மனோரமாவும் படிக்க அமெரிக்கா போனார், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு பள்ளிக்கு. படித்து முடித்துத் திரும்பி, பூனா அருகே கேட்காவில் அம்மா நடத்திய முக்தி இல்லத்தில் அவருக்கு வலது கையாக இருந்தார். அங்கிருந்த பார்வையற்ற பெண்களுக்கு, புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் கற்றுக் கொடுத்தார்.

1921-ல் மனோரமா இறந்தார். அடுத்த ஆண்டே ரமாபாயும் போய்ச் சேர்ந்தார். 1989-ல் இந்திய அரசு ரமாபாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. உங்களில் யாராவது தபால்தலை சேர்ப்பவராக இருந்தால் ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள்.