எழுத்தே இல்லாத ஆபீஸ்!

பி.காம். படித்தவனுக்கு மாடர்ன் ஆர்ட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த ஒரு புத்தகத்தில் அந்த போட்டோ இருந்தது. அலங்கோலமான ஓர் ஆபீஸ். மேஜை மேல், தரையில், எங்கே பார்த்தாலும் காகிதம். 'அட, ஆடிட் நடந்த மறுநாள் நம்ம செக்‌ஷன் மாதிரியே இருக்கே!' என்று சிரித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. அத்தனை காகிதத்திலும் ஒரு எழுத்துகூட இல்லை. நம்பர் இல்லை, சீல் இல்லை, கையெழுத்து இல்லை. வெறும் வெள்ளை.

இன்னொரு வேடிக்கை... அந்த மேஜை, சுவர் உட்பட ஆபீஸ் மொத்தமுமே காகிதமும் அட்டையும்தான்!

செய்தவர் தாமஸ் டெமாண்ட். 1964-ல் முனிச்சில் பிறந்த ஜெர்மன்காரர். சிற்பம் படித்தவர். செய்திகளில் அடிபட்ட ஓர் இடத்தின் போட்டோவை வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் காகிதத்தில் நிஜ அளவுக்கே கட்டுவார். போட்டோ எடுப்பார். பிறகு - எப்படித்தான் மனசு வருகிறதோ - கட்டியதைப் பெரும்பாலும் அழித்துவிடுவார். மிஞ்சுவது போட்டோ மட்டும்தான்.

நான் பார்த்தது 1995-ல் அவர் செய்த 'பூரோ'. ஜெர்மனில் ஆபீஸ் என்று அர்த்தம். (நம்ம வீட்டு பீரோவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்!) நிஜத்தில் அது கிழக்கு ஜெர்மனி ரகசியப் போலீஸான ஸ்டாஸியின் பெர்லின் தலைமையகம். யார் வீட்டுக்கு யார் வந்தார், என்ன பேசினார் என்று சொந்த ஜனங்களையே வேவு பார்த்து ஃபைல் போட்ட இடம். 1990 ஜனவரி 15-ம் தேதி ஜனங்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். காகிதமெல்லாம் தரையில். 1992 முதல் அவரவர் ஃபைலை அவரவர் படிக்கலாம் என்றானது. கூடப் படித்தவனே தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் காகிதங்களைத்தான் மனுஷர் ஒரு எழுத்துகூட இல்லாமல் செய்து வைத்திருக்கிறார். யாரையும் உள்ளே தள்ள முடியாத, யாருடைய வேலையையும் பறிக்க முடியாத சாதுவான காகிதம்! 2001-ல் 'போல்' என்று இன்னொன்று. அமெரிக்காவில் 2000-ம் வருஷத் தேர்தலில் ஃப்ளோரிடா ஓட்டுகளை மறுபடி எண்ணினார்களே, அந்த அறை. அதிலும் வாக்குச்சீட்டெல்லாம் வெள்ளை.

எனக்குக் காகிதத்தின் மேல் ஒரு பழைய கோபம் உண்டு. அப்பாவின் பென்ஷன் ஃபைலை ஓர் ஆபீஸில் தொலைத்துவிட்டு ஒன்றரை வருஷம் அலையவிட்டார்கள்.

"பெரியவர் உங்க எதிர்லயே உட்கார்ந்திருக்காரே சார்?" என்றேன்.

"இருக்கார் சார், யார் இல்லேன்னா? பேப்பர் இல்லையே!" என்றார் கிளார்க்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் அந்த போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தரையில் கிடந்த குவியலை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுக்குள்ள தேடிப் பார்த்தாங்களாடா?"